கோடு விழாத பக்கம்

சட்டைப் பையில் அடங்கிவிடும் சின்னப் புத்தகம். அட்டையில் பெரிதாக 555 என்ற எண். மலேசியாவில் மளிகைக்கடை வைத்துப் பிழைத்த குடும்பத்திலும் சரி, அந்தக் கடையில் சாமான் எடுத்து வளர்ந்த குடும்பத்திலும் சரி, இதைப் பார்க்காதவர்கள் குறைவு. மலாய்க்காரர்கள் ‘புக்கு தீகா லீமா’ என்பார்கள். கெடா மாநிலத்தின் தோட்டங்களில் பெயர் சொல்லவே தேவைப்படாது. “புத்தகத்துல எழுதிக்குங்கண்ணே” என்றால் போதும். கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கட்டிலிருந்து சரியான புத்தகத்தைக் கடைக்காரர் உருவிவிடுவார்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் பெயர். அது அடையாளக் கார்டில் உள்ள பெயராக இருக்காது. ‘நாலாவது லயம் கடைசி வீடு’, ‘மாட்டுக்காரம்மா’, ‘டிரைவர் மருமகள்’ என்று இருக்கும். கீழே தேதி. அரிசி, பருப்பு, மத்தி டின், பால் டின், சவுக்காரம், வெற்றிலை. பிள்ளை ஒன்று ஓடிவந்து வாங்கிப்போன ஐஸ்கட்டிகூடத் தனி வரியாக விழுந்திருக்கும். மாதம் முடிந்து சம்பளம் போட்டதும் மொத்தத்தைக் கூட்டி, பணத்தை வாங்கி, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார் கடைக்காரர். அந்தக் கோட்டோடு அந்த மாதம் தீர்ந்தது. மறுநாள் காலையில் கோட்டுக்குக் கீழே புதிய வரி தொடங்கும்.

பொருளாதார மந்தம் என்ற சொல் செய்தித்தாளில் வருவதற்கு முன்பே இந்தப் புத்தகத்தில் வந்துவிடும். கோடு விழ வேண்டிய இடத்தில் கோடு விழாது. பாதிப் பணம் வரும். மீதி ‘பழைய பாக்கி’ என்று அடுத்த பக்கத்துக்குப் போகும். அதற்கடுத்த மாதம் பாக்கி இன்னும் கொஞ்சம் தடிக்கும்.

கெட்ட காலத்தில் கடைக்கு ஆள் வரத்து குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெருங்கடைகளுக்கு அது பொருந்தும். தோட்டத்து முனையில், தாமானின் மூலையில் இருக்கும் சின்னக் கடைக்கு நடப்பது வேறு. கையில் காசு இருந்தபோது பட்டணத்துப் பேரங்காடிக்குப் போய் மலிவாக வாங்கியவர்கள், காசு தட்டும்போது மூலைக்கடைக்குத் திரும்பி வருவார்கள். பேரங்காடி எழுதிக்கொள்ளாது, இவர் எழுதிக்கொள்வார். கடையில் கூட்டம் இருக்கும், அலமாரி வேகமாகக் காலியாகும், கல்லாவில் மட்டும் காசு இருக்காது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வியாபாரம் ஓகோ என்று நடப்பதாகத் தோன்றும். மந்தம் சிறுகடைக்கு வரும் முதல் உருவம் இதுதான்.

தமிழில் கணக்குச் சொல் ஒன்று இருக்கிறது: பற்று. வாங்கியவர் கணக்கில் எழுதுவது பற்று. அவர் கொடுத்ததை எழுதுவது வரவு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கும் பற்று என்பதே சொல். கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் சின்ன வியாபாரத்தின் நூறாண்டுக் கதை இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் ஓடியிருக்கிறது.

கெடா 1909இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குக் கீழே வந்தது. ஏற்கெனவே தெற்கே கூலிம் பக்கம் தொடங்கியிருந்த ரப்பர், சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில் என்று காட்டைத் தின்றுகொண்டே பரவியது. 1915இல் ரயில் பாதை அலோர் ஸ்டாரைத் தொட்டது. தோட்டம் திறந்த இடங்களில் லயம் எழும்பியது. லயத்தோடு கோயில், கள்ளுக்கடை, ஒரு சாமான் கடை. கடைக்காரர் சில இடங்களில் சீனத் தவுக்கே, சில இடங்களில் இந்திய முஸ்லிம் காக்கா, சில இடங்களில் கங்காணியின் சொந்தக்காரர். கடைக்குச் சரக்குக் கொடுப்பது பட்டணத்து மொத்தக்கடை. அதற்கு மேலே பினாங்கின் வணிகர்களும் கிட்டங்கிகளில் இருந்து வட்டிக்கு விட்ட செட்டியார்களும். அத்தனைக்கும் மேலே, யாரும் கண்ணால் பார்த்திராத லண்டன் சந்தையின் ரப்பர் விலை. உச்சியில் விலை இறங்கினால் அந்த அதிர்வு ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் 555 புத்தகத்தின் முன்னோடியான ஏதோ ஒரு நோட்டில் வந்து விழும்.

1929இல் ஒரு ராத்தல் ரப்பரின் சராசரி விலை 34 காசு. 1932இல் 7 காசு. மூன்று வருடத்தில் ஐந்தில் ஒன்று. மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று இருந்த நாள்கூலி 1930 அக்டோபரில் 40ஆகவும் 32ஆகவும் வெட்டப்பட்டது. பிறகும் இறங்கியது. வேலை இல்லாதவர்களை வைத்துச் சோறு போட முடியாது என்று கப்பலேற்றினார்கள். 1930 முதல் ஒரு சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து தமிழகத் துறைமுகங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

வரலாற்று நூல்கள் இதைக் கூலியின் கதையாக, கப்பலின் கதையாகச் சொல்கின்றன. கடையின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஒரு தோட்டத்தில் நாற்பது குடும்பம் இருந்து பதினைந்து குடும்பம் ஒரே வாரத்தில் ஊருக்குக் கிளம்பினால், கடைக்காரரின் நோட்டில் பதினைந்து பக்கம் செத்துப்போகிறது. பாக்கி வைத்தவன் ஏமாற்றிவிட்டு ஓடவில்லை; அவனைக் கப்பல் கொண்டுபோய்விட்டது. யாரைப் போய்க் கேட்பது? மொத்தக்கடைக்காரருக்கு இந்தக் கதை தேவையில்லை. அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவருக்கும் தேவையில்லை. அந்த ஆண்டுகளில் கடனை அடைக்க முடியாதவர்களின் நிலங்களும் தோட்டங்களும் செட்டியார்கள் கைக்கு மாறியதும், அதன் பின்விளைவாகச் சிறு நிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்ததும் பதிவாகியிருக்கின்றன. அடமானம் வைக்க நிலம் இருந்தவனின் துன்பம் சட்டப் புத்தகம் வரை போனது. பதினைந்து பக்கம் செத்துப்போன கடைக்காரரின் துன்பம் எந்தச் சட்டத்தையும் எட்டவில்லை.

இந்தப் புத்தகத்தைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கணக்கை எழுதத் தெரிந்தவர் ஒருவர் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பட்டணத்தில் ஒரு விலை, தோட்டத்துக் கடையில் ஒரு விலை. அரைக் கிலோ வாங்கினால் ஒரு கிலோ என்று எழுதிய கதைகள் உண்டு. கடை பாக்கி தீராமல் தோட்டத்தை விட்டு வெளியேற முடியாமல் கிடந்தவர்கள் உண்டு. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், சாமான் விற்கும் கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றும், முதலாளி நடத்தும் கடையில்தான் வாங்க வேண்டும் என்று தொழிலாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் எழுதிவைத்திருக்கிறது. நடக்காத ஒன்றை யாரும் சட்டம் போட்டுத் தடுப்பதில்லை.

சம்பள நாளன்று அந்தப் பணத்துக்குப் போட்டியும் இருந்தது. மளிகைக்கடை ஒரு பக்கம், கள்ளுக்கடை ஒரு பக்கம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. ஏ.எம். சாமி தலைமையில் நடந்த அந்த இயக்கம் 1947இல் பீடோங்கிலும் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்திலும் போலீசோடு மோத வேண்டி வந்தது. குடியை ஒழிப்பது அதன் முகப்பு. சம்பளக் கவர் பிரிக்கப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் காசு எந்தப் பக்கம் போகிறது என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. கள்ளுக்கடைக்குப் போகாத காசு எங்கே போகும் என்றால், புத்தகத்தில் ஒரு கோடாக விழும்.

யுத்தகாலத்தை ஒரு வரியில் கடக்க முடியாது. ஆனாலும் வியாபாரிகளின் நினைவில் அது ஒரு டிரங்குப் பெட்டியாக மிஞ்சியிருக்கிறது. ஜப்பானியர் அச்சடித்த வாழைமரக் காசு பெட்டி நிறைய. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்த நோட்டுகளுக்கு மதிப்பில்லை என்று அறிவித்தார்கள். கையில் காசாக வைத்திருந்தவன் ஒரே நாளில் ஓட்டாண்டியானான். அந்தப் பெட்டியையும் பாக்கி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். அரசாங்கம் அச்சடித்த தாள் செத்துப்போனது. ‘நாலாவது லயம் கடைசி வீடு’ என்று எழுதிய பக்கமோ, அந்த வீட்டில் யாராவது சயாம் மரண ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பியிருந்தால், இன்னும் பணமாக மாறக்கூடும்.

அதன்பின் வந்தது கொரியப் போர். 1951 தொடக்கத்தில் ரப்பர் ராத்தலுக்கு 2 வெள்ளிக்கு மேல் ஏறியது. பத்தொன்பது வருடம் முன்பு 7 காசு. கோடுகள் சரசரவென்று விழுந்த காலம். அடுத்த இரண்டு வருடத்தில் விலை மீண்டும் சரிந்தது. ரப்பர் விலையோடு கூலியும் ஏறி இறங்கிய காலம் அது. கடைக்காரரும் தொழிலாளியும் ஒரே ஊஞ்சலில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் எல்லா மந்தமும் லண்டனிலிருந்து வருவதில்லை. கெடாவில் ஒவ்வோர் ஆண்டும் சின்ன மந்தம் ஒன்று தவறாமல் வரும். ஆண்டுத் தொடக்கத்தின் வறண்ட மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். காடு மொட்டையாக நிற்கும். பால் குறையும், கூலி குறையும். வருட இறுதியின் அடைமழையில் வெட்டே நடக்காத நாட்கள் வரும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். இதையெல்லாம் தோட்டத்துக் கடைக்காரர் அறிந்திருந்தார். இலை உதிரும் மாதத்தில் யார் எவ்வளவு பின்தங்குவார்கள், தளிர் விட்ட பிறகு எத்தனை மாதத்தில் கட்டி முடிப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். கெட்ட காலத்தைத் தாங்கும் பயிற்சியை மரங்களே கொடுத்திருந்தன. அவர் கடன் கொடுத்தது மனிதனை நம்பி. அதே அளவு அந்த மரத்தை நம்பியும்தான். இலை மீண்டும் துளிர்க்கும் என்பதுதான் அவருடைய ஜாமீன்.

அந்த ஜாமீனைத்தான் 1950களின் தோட்டத் துண்டாடல் உடைத்தது. சுதந்திரத்தை ஒட்டிப் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி ஆய்வறிக்கையே எழுத வேண்டியிருந்தது. மரம் அங்கேயே நிற்கும். வெட்டியவர்கள் லயத்தை விட்டு வெளியேற வேண்டும். விலைச்சரிவில் பாக்கி தள்ளிப்போகும். துண்டாடலில் வாடிக்கையாளரே போய்விடுவார்.

இதற்குக் கெடா மண்ணிலேயே ஒரு பதில் எழுந்தது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அவரும் துணைவியார் உமா சம்பந்தனும் தோட்டம் தோட்டமாகப் போய், விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று பேசினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1961இல் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம்.

பத்து வெள்ளி என்பது அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்குச் சில நாள் கூலி. வீட்டில் மிஞ்சிக் கிடந்த பணத்திலிருந்து அது வந்திருக்க முடியாது. மிஞ்சும் பணம் என்று ஒன்று அந்த வீடுகளில் இல்லை. அரிசிக்கும் பருப்புக்கும் போக வேண்டிய காசு பங்குப் பணமாகப் போயிருக்க வேண்டும். அந்த மாதத்து அரிசியும் பருப்பும் கடைப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் புக்கிட் சிடிமை வாங்கிய பணத்தில், பெயர் போடாத பங்குதாரர்களாகச் சில கடைக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். இதற்கு எந்த ஆவணமும் கிடையாது. ஆனால் மாதச் சம்பளத்தின் கூட்டல் கழித்தல் வேறு விதமாக வராது.

பிறகு ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புத் திட்டமாயிற்று. லயத்திலிருந்தவர்கள் சுங்கை பட்டாணியின் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் ஆலைப் பேருந்துகள் பாடாங் செராய்க்கும் லூனாசுக்கும் வந்து ஆள் ஏற்றின. ரப்பர் பால் வாடை போய்ச் சீருடையும் கழுத்தில் அட்டையும் வந்தன. சின்ன வியாபாரங்களும் கூடவே இடம்பெயர்ந்தன: வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, பூக்கடை, முடிதிருத்தகம், தையற்கடை, நகைப் பட்டறை, முறுக்குப் போடும் வீடு, ஆலை வாசலில் அதிகாலை ஒட்டுக்கடை. முதல் ஷிப்டு போகிறவர்கள் பசியாறுவது அங்கேதான்.

கடைக்காரரின் நோட்டில் ‘நாலாவது லயம் கடைசி வீடு’ என்பது ‘ஃபிளாட் ஏழாவது மாடி’ ஆயிற்று. ஒரே ஒரு பெரிய வேறுபாடு. லயத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளம். யார் எவ்வளவு வாங்கினார் என்பதும் ஊருக்கே தெரியும். பட்டணத்தில் ஒருவருக்கு ஏழாம் தேதி, ஒருவருக்கு இருபத்தைந்து, ஒருவருக்கு ஓவர்டைம் உண்டு, ஒருவருக்கு இந்த மாதம் இல்லை. இலை உதிர்வதைப் பார்த்துக் கெட்ட காலத்தைக் கணித்தவருக்கு, வெளிநாட்டில் சில்லு வாங்கும் ஒரு கம்பெனி ஆர்டரைக் குறைத்தால் அது கண்ணுக்குத் தெரியாது.

1997இன் நிதி நெருக்கடி என்ற இடியும் அப்படித்தான் விழுந்தது. டாலருக்கு 2.50 அளவில் இருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. செப்டம்பர் 2ஆம் தேதி 3.80 என்று கட்டிவைத்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. கடன் கேட்டு வரும் கூட்டம் ஒரு பக்கம். மறுபக்கம், துவரம் பருப்பு, வெங்காயம், மிளகாய், சேலை என்று இந்தியக் கடையின் பாதிச் சரக்கு கடல் தாண்டி வருவது. பணம் வலுவிழந்ததும் சரக்கின் விலை ஏறியது. அதுவரை மாதக் கடைசியில் பணம் வாங்கிய மொத்தக்கடைகள் ரொக்கம் கேட்டன. மேலே இருப்பவர் கடனை இறுக்குகிறார், கீழே இருப்பவர் கடன் கேட்கிறார். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெருங்குகிறது. இருபதாண்டு வாடிக்கையாளரிடம் எப்படி ‘இனி காசு கொடுத்து வாங்குங்க’ என்று சொல்வது?

காலை ஆறு மணி. கடைக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. ஆலைச் சீருடையில் ஒரு பெண். “அண்ணே, ரெண்டு கிலோ அரிசி மட்டும். ஓவர்டைம் நிறுத்திட்டாங்க. அடுத்த மாசம் சேத்துக் குடுத்துடுறேன்.” கடைக்காரர் அரிசியை நிறுக்கிறார். “பால் டின்னு வேணாமா தங்கச்சி? பாப்பா இருக்குல்ல?” அவள் பேசவில்லை. அவரே டின்னை எடுத்துப் பையில் போடுகிறார், எழுதுகிறார். இந்த உரையாடல் எந்த வருடம் நடந்தது என்று கேட்டால் 1998 என்றும் சொல்லலாம், ஏற்றுமதி சரிந்த 2009 என்றும் சொல்லலாம், 2020 என்றும் சொல்லலாம். கெடாவின் தாமான்களில் அது அப்படி நடந்துகொண்டேதான் இருக்கிறது.

பெண்கள் நடத்தும் சின்ன வியாபாரங்களுக்கு இன்னொரு தூண் உண்டு: கூட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் நூறு ரிங்கிட் போட்டால் மாதம் ஒருவருக்கு ஆயிரம் கிடைக்கும். அதில் தையல் இயந்திரம் வாங்கியவர்கள், முறுக்குக்கு அடுப்பு வாங்கியவர்கள், மகளுக்குக் காலேஜ் கட்டணம் கட்டியவர்கள் ஏராளம். கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே கூட்டு என்ற நம் சொல் உட்கார்ந்திருக்கிறது. தடைக்குக் காரணமும் உண்டு. கெட்ட காலத்தில் முன்கூட்டியே எடுத்தவர் கட்டாமல் போனால், கூட்டு பிடித்த பெண்தான் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். நகை போகும், மானம் போகும். கூட்டும் அறுந்தால் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும், ஆலோங் எனும் கள்ள வட்டிக்காரரின் விளம்பரத் தொலைபேசி எண் கண்ணில் படும். கடைப் புத்தகம் மூடப்படும் இடத்தில்தான் ஆலோங்கின் வாசல் திறக்கிறது. ஒரு கடைக்காரர் எழுதிக்கொள்ளும் இரண்டு கிலோ அரிசியின் முழு மதிப்பு தெரிய வேண்டுமானால், அவர் எழுதாவிட்டால் அந்தப் பெண் அடுத்து எங்கே போவாள் என்று பார்க்க வேண்டும்.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மளிகைக்கடைகள் திறந்திருக்கலாம் என்றார்கள். முடிதிருத்தகங்கள், துணிக்கடைகள், நகைக்கடைகள் மூடின. பல்கலைக்கழகங்கள் மூடியதும் செமிலிங் மேட்டில் ஏம்ஸ்ட் மாணவர்களை நம்பியிருந்த சாப்பாட்டுக் கடைகளுக்கு ஆள் இல்லை. கோயில் திருவிழாக்கள் நின்றன. சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் தேவஸ்தானத்தின் சித்ரா பௌர்ணமியை நம்பி வருடத்தின் பாதியை ஓட்டும் பூக்காரர்கள், பொம்மைக்கடைக்காரர்கள், இனிப்புக்கடைக்காரர்கள் வீட்டில் இருந்தார்கள்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஏப்ரல் 10ஆம் தேதி, முடிதிருத்தகங்களைக் கட்டுப்பாடுகளோடு திறக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. மூன்று வாரமாக ஒரு காசு வருமானம் இல்லாத தொழில். தினக்கூலியை நம்பியிருக்கும் ஆட்கள், கட்ட வேண்டிய கடை வாடகை. ஆனால் முடிதிருத்துவோர் சங்கங்களே வேண்டாம் என்றன. ஒரு கை தூரம்கூட இல்லாமல் செய்யும் வேலை. வாடிக்கையாளருக்கும் ஆபத்து, கத்தி பிடிப்பவருக்கும் ஆபத்து என்றார்கள். சில நாட்களில் அரசாங்கம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஜூன் 10ஆம் தேதிதான் கதவுகள் திறந்தன. 84 நாட்கள்.

லாபம் ஒன்றே குறி என்று வியாபாரியைப் பற்றிச் சொல்பவர்கள் இந்த 84 நாளைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மலேசிய இந்தியச் சமூகத்தில் பரம்பரையாக நடந்துவரும் தொழில் அது. வெளிநாட்டு ஆட்களை எடுப்பதற்கு 2009 முதலே தடை இருந்தது. வேலைக்கு ஆள் கிடைக்காமல் ஏற்கெனவே பல கடைகளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அந்த நிலையிலும் திறக்கச் சொன்ன கதவைத் திறக்க மறுத்தார்கள். வாடிக்கையாளர் உயிரோடு இருந்தால்தான் நாளைக்கு நாற்காலியில் வந்து உட்காருவார் என்ற கணக்கும் அதில் உண்டு. அந்தக் கணக்கில் வெட்கப்பட எதுவும் இல்லை. கடைக்காரர் பால் டின்னைப் பையில் போட்டதும் அதே கணக்குதான்.

ஏப்ரல் 1ஆம் தேதி முதல் வங்கிக் கடன்களுக்கு ஆறு மாதத் தவணை விடுப்பு கிடைத்தது. கார் கடன், வீட்டுக் கடன் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். 555 புத்தகத்துக்கு அப்படி ஒரு அறிவிப்பு வரவில்லை. தேவைப்படவும் இல்லை, கடைக்காரர்கள் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். 2021இன் மத்தியில், உணவில்லாத வீடுகள் வெள்ளைக்கொடி ஏற்றலாம் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. கொடி ஏற்றும் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடி ஏற்றக் கூச்சப்பட்ட வீடுகளுக்கும் அரிசி போனது. புத்தகத்தில் ஒரு வரியாக எழுதப்பட்டுப் போனது. கடன் என்ற பெயரில் வாங்கும்போது கை நீட்டுகிறோம் என்ற கூச்சம் இருக்காது. திருப்பிக் கொடுக்க முடியுமா என்பது இருவருக்கும் தெரியாவிட்டாலும்.

குறுந்தொழில்களுக்கு 3,000 ரிங்கிட் சிறப்பு மானியம் கொடுத்தார்கள். அது நல்ல காரியம்; அந்தப் பணத்தில் வாடகை கட்டி மூச்சுவிட்ட கடைகள் பல. இந்திய வியாபாரிகளுக்கு அரசாங்கத்தின் தெக்குன் நேஷனல் வழியாகக் கடன் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் எந்த உதவி மனுவிலும் கேட்கப்படுவது பதிவுச் சான்றிதழ், வரிக் கோப்பு எண், வங்கி அறிக்கை, மாத விற்பனை. வீட்டு அடுப்படியில் முறுக்குப் போடும் பெண்ணிடமும், ஆலை வாசலில் மேசை போடும் ஒட்டுக்கடைக்காரரிடமும் இவற்றில் பாதி இருக்காது. மூலைக்கடைக்காரரிடம் பதிவு இருக்கலாம். அவருடைய உண்மையான நிலையைச் சொல்லும் ஆவணமோ ஆணியில் தொங்குகிறது. எத்தனை பக்கத்தில் கோடு விழவில்லை என்று எந்த மனுவும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள். நாற்பது குடும்பத்தின் பாக்கியைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு கடைக்குச் சரக்குக் கடன் கிடைக்கச் செய்தால், அந்த உதவி நாற்பது வீட்டு அடுப்புக்கும் போய்ச் சேரும். வீடு வீடாகப் போய் யார் ஏழை என்று கணக்கெடுப்பவர்களுக்குத் தெரியாதது அந்தப் புத்தகத்துக்குத் தெரியும்: யார் வேலை இழந்தார், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் பால் டின்னை நிறுத்திவிட்டார். கெடாவிலிருந்தே முன்னுதாரணம் உண்டு. மாதம் பத்து வெள்ளி வாங்கித் தோட்டம் வாங்க முடியும் என்று 1961இல் காட்டியவர்கள், சின்னக் காசின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைத் தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

பெருந்தொற்றுக்குப் பிறகும் நெருக்கடி ஓயவில்லை. 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆயிற்று. கிலோ 2.60 என்று விலை கட்டப்பட்டிருந்த உள்ளூர் அரிசிக்கு எல்லோரும் ஓடினார்கள். அலமாரிகளிலிருந்து அது மறைந்தது. நாட்டின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய கெடாவில், முடா வயல்களிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கடையில், உள்ளூர் அரிசி இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. புத்தகத்தில் அரிசி என்ற வரி அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் எழுதும் தொகை மட்டும் மாறியது.

555 புத்தகம் மெல்லியது, சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் புதிதாக ஒன்று எடுத்து, பழையதிலுள்ள பாக்கிகளை அதில் ஏற்ற வேண்டும். அந்த வேலையை இரவில், கதவை இழுத்துவிட்டு, மேலே ஒரே ஒரு விளக்கு எரிய, தனியாகச் செய்வார்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். வேலை கிடைத்தவர், ஏற்றலாம். ஜொகூருக்குப் போய்விட்டவர், அம்மா இங்கேதான் இருக்கிறார், ஏற்றலாம். கணவர் இறந்துபோன வீடு. பேனா அங்கே நிற்கும். பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்: அரிசி, பருப்பு, மத்தி டின், பால் டின். தொகை கொஞ்சமில்லை. அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பழைய புத்தகத்தில் அந்தப் பக்கம் கோடு விழாமல் அப்படியே இருக்கும். புதியதில் அந்த வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே பெயரை மட்டும் எழுதி, கீழே ஒன்றும் எழுதாமல் விடுவார். விடிந்தால் அந்தம்மா அரிசிக்கு வருவார். மொத்தக்கடை லாரியும் விடிந்தால்தான் வரும், போன மாதத்து பில்லோடு.